கண் மஞ்சளானால் முதலில் செய்ய வேண்டியது

சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் ஒருவருடைய கண் மஞ்சளித்து, சிறுநீரும் மஞ்சளாகப் போகத் தொடங்கினால், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்ற கேள்வி வீட்டில் எழுவதற்கு முன்னால், எந்த ஊரில் யார் காமாலைக்கு மருந்து கொடுக்கிறார் என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பவர் ஓர் ஊரில் இருப்பார். மூக்கில் பச்சிலைச் சாற்றை விட்டு மஞ்சள் நீரை ஒழுகச் செய்பவர் அடுத்த ஊரில் இருப்பார். வேப்பிலை அடித்து மந்திரிப்பவரும், கையில் சூடு வைப்பவரும் அதற்கடுத்த ஊர்களில் இருப்பார்கள். இவர்களிடமெல்லாம் போய்வந்து, உப்பும் எண்ணெயும் நீக்கிய பத்தியத்தில் இரண்டு வாரம், ஒரு மாதம், சில குடும்பங்களில் இரண்டு மாதம் என்று காலம் கழிந்த பிற்பாடு, சொறிந்து சொறிந்து உண்டான புண்களோடும், தூக்கிப்போடும் குளிர்காய்ச்சலோடும், எலும்பும் தோலுமாக நோயாளியைக் கொண்டுவந்து பெரியாஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அங்கே வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கிற முதல் ஸ்கேனிலேயே பித்தநாளம் அடைபட்டிருப்பது தெரிந்துவிடுகிறது. கால்மணி நேரத்தில் தெரியக்கூடிய ஒரு விஷயத்தை அறிந்துகொள்ள இத்தனை நாள் ஏன் ஆயிற்று என்று கேட்டால், "மருந்து குடிச்சுட்டுத்தான் இருந்தோம், சரியாப் போயிரும்னு சொன்னாங்க" என்பதே பதிலாக வருகிறது.

திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போனவர், நாமக்கல்லிலிருந்து சரக்கு லாரி ஓட்டிப் போனவர், குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கத்து விசைத்தறிகளில் இரவும் பகலும் நிற்பவர், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் கூலிக்கு உழைப்பவர் ஆகிய இவர்களுக்கு, ஒரு நாள் வேலையை விட்டால் ஒரு நாள் வருமானம் போய்விடும் என்ற கவலை இருப்பது நியாயமே. ஆனால் அந்த ஒரு நாளை மிச்சப்படுத்தப் போய், பின்னால் ஆறு மாதத்தையும், விற்ற ஆட்டையும் மாட்டையும், சில சமயம் உயிரையுமே இழக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறபோது, இதைச் சொல்லாமல் இருப்பது பாபம் என்று தோன்றுவதால் இக்கட்டுரையை எழுதுகிறேன். இதில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே: காமாலைக்கு எந்த மருந்தை உட்கொள்வதாயினும், அதற்கு முன்னால் பித்தநாளம் திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்பதைப் பரிசோதித்து, அதை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

பச்சிலை ஏன் கேட்பதுபோல் தோன்றுகிறது

பச்சிலையின்மேல் ஜனங்கள் வைத்திருக்கும் நம்பிக்கை காரணமில்லாமல் வளர்ந்ததன்று. அசுத்தமான குடிநீரால் பரவும் ஏ, இ வகை வைரஸ்களால் உண்டாகும் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் தணியும், எதையும் குடிக்காவிட்டாலும் தணியும். பெயர் மட்டும் கடைசியாகக் குடித்த மருந்துக்குப் போய்ச் சேரும். அப்படிக் குணமானவர்கள் ஊரில் பத்துப் பேர் சாட்சியாக நிற்கும்போது, பதினோராவது ஆளுக்கு வந்திருப்பது வேறு காமாலை என்று எவர் சொன்னாலும் காதில் ஏறுவதில்லை.

அந்த வேறு காமாலை எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லீரலில் ஊறும் பித்தநீர், அதனுள்ளே ஓடும் சிறு சிறு நாளங்களில் சேர்ந்து, பித்தப்பையிலிருந்து வரும் கிளையையும் சேர்த்துக்கொண்டு, பொதுப் பித்தநாளம் என்ற ஒரே குழாயாகி, கணையத்தின் தலைப்பாகத்தை ஒட்டி இறங்கி, முன்சிறுகுடலில் போய் விழுகிறது. பித்தப்பையில் விளைந்த கல் நழுவி இக்குழாயில் சிக்கலாம். கணையத்தின் தலையிலோ நாளத்திலோ கட்டி வளர்ந்து நெருக்கலாம். முன்பு பித்தப்பையை எடுத்த இடத்தில் தழும்பு சுருங்கி வழியை மூடலாம். காரணம் எதுவாயினும், குடலுக்குப் போகவேண்டிய பித்தம் இரத்தத்தில் திரும்பிக் கலக்கிறது. அதனால் மலம் வெளுக்கிறது, சிறுநீர் கருமஞ்சளாகிறது, உள்ளங்கையும் உள்ளங்காலும் உள்படத் தேகம் முழுவதும் அரிக்கிறது. இவ்வடைப்பை எந்த இலையும் கரைக்காது.

இதில் ஒரு வஞ்சனையும் உண்டு. நாளத்தில் கிடக்கும் கல் மேலும் கீழும் நகர்வதால், சில நாள் வழி சற்றுத் திறந்து மஞ்சள் குறைவதும், பிறகு மறுபடி அடைத்து ஏறுவதும் வழக்கம். நாளத்தின் வாயில் உண்டாகும் சில கட்டிகளிலும் இப்படி ஏற்ற இறக்கம் காணும். குறைந்த அந்தச் சில நாட்களைக் கண்டு, "மருந்து கேட்குது" என்று குடும்பம் மேலும் ஒரு மண்டலம் பத்தியம் இருக்கத் துணிகிறது. மஞ்சள் குறைந்தது என்பதற்காக ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை இங்கேயே ஒருமுறை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

முறையாகப் படித்துப் பட்டம் பெற்ற சித்த வைத்தியர்கள்மீது இந்தக் குற்றச்சாட்டைச் சுமத்துவது என் நோக்கமன்று. அவர்களில் பொறுப்புள்ள எவரும் இரத்தம் பார்க்காமல் காமாலைக்கு மருந்து கொடுப்பதில்லை. நோட்டீசு அச்சடித்துச் சுவரில் ஒட்டிக் கல்லைக் கரைத்துக் காட்டுவதாகச் சவால் விடுபவர்களைப் பற்றியே சொல்கிறேன். பித்தக்கல்லைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது, 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி, முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கு இடமான குற்றம். சட்டம் வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அந்த நோட்டீசுகளைப் பஸ் நிலையத்துச் சுவர்களிலிருந்து கிழித்தெறியக்கூட உத்தியோகஸ்தர்களுக்கு மனம் வரவில்லை.

எந்தப் பரிசோதனை, எந்த வரிசையில்

முதலாவது இரத்தம். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தலைமை மருத்துவமனை வரைக்கும் செய்யக்கூடிய கல்லீரல் பரிசோதனையில் மூன்று எண்களை நீங்களே பார்த்துக் கேட்க வேண்டும். மொத்த பிலிருபின் சாதாரணமாக ஒரு மில்லிகிராமை ஒட்டியிருக்கும். கண்ணில் மஞ்சள் தெரிகிறபோது அது இரண்டு மூன்றைத் தாண்டியிருக்கும். அதில் டைரக்ட் பிலிருபின் என்ற பங்கு பெரும்பகுதியாக இருந்து, ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற எண்ணும் பலமடங்கு ஏறியிருந்தால், அடைப்பு இருக்கிறதா என்று தேடியே தீரவேண்டும். இந்த எண்களைத் தாளில் வாங்காமல், "காமாலை கொஞ்சம் ஏறியிருக்கு" என்ற வாய்மொழியோடு வீடு திரும்புவது பெரும் தவறு.

இரண்டாவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். ஆறு முதல் எட்டு மணி நேரம் ஒன்றும் உண்ணாமல் போக வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போனால் பித்தப்பை சுருங்கிக்கொள்ளும், குடலில் வாயு நிறையும், படம் பழுதாகும். காலையில் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு வந்து படுப்பவரைத் திருப்பி அனுப்பாமல் ஸ்கேன் செய்து, "தெளிவாகத் தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்துக் காசு வாங்கும் நிலையங்களும் உண்டு. அதில் குற்றம் இரு தரப்பாருக்கும் சேர்ந்ததே.

அல்ட்ராசவுண்ட் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை அறிந்துகொள்வது அவசியம். ஜேடர்பாளையம் ராஜவாய்க்காலில் கீழே எங்கோ ஒரு மதகு அடைத்துக்கொண்டால், அடைத்த இடம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், மேலே தண்ணீர் தேங்கிக் கரை தளும்புவதைக் கண்டே குடியானவர் அறிந்துகொள்கிறார் அல்லவா? அதுபோலவே கீழே நாளம் அடைத்திருந்தால், மேலே கல்லீரலுக்குள் இருக்கும் கிளைகள் விரிந்திருப்பதை அல்ட்ராசவுண்ட் காட்டிவிடும். பொதுப் பித்தநாளத்தின் அகலம் சாதாரணமாக 6, 7 மில்லிமீட்டருக்குள் இருக்கும். வயது முதிர்ந்தவர்களுக்கும் பித்தப்பையை எடுத்தவர்களுக்கும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் நாளத்தின் கீழ்ப்பாகம் முன்சிறுகுடலின் வாயுவுக்குப் பின்னால் மறைந்து கிடப்பதால், அங்கே சிக்கியுள்ள கல் அல்ட்ராசவுண்டில் பலமுறை தப்பிவிடுகிறது.

ஆகவே ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள். இங்கிலீஷ் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பொதுப் பித்தநாளத்தைக் குறிக்கும் 'சி.பி.டி.' என்ற எழுத்துகளுக்கு எதிரே எத்தனை மில்லிமீட்டர் என்ற எண் எழுதியிருக்க வேண்டும். 'ஐ.எச்.பி.ஆர்.' என்ற எழுத்துகளுக்கு அருகே 'டைலேட்டட்' என்ற சொல் இருந்தால் கல்லீரலின் உள்நாளங்கள் விரிந்திருக்கின்றன என்று அர்த்தம். 'டிஸ்டல் சி.பி.டி. அப்ஸ்கியூர்டு பை பவல் கேஸ்' என்று எழுதியிருந்தால், நாளத்தின் கீழ்ப்பகுதியைப் பார்க்கவே முடியவில்லை என்று அர்த்தம். பார்த்து நன்றாயிருக்கிறது என்று அர்த்தமன்று. இந்தக் கடைசி வாசகத்தைப் படித்துவிட்டு, "ஸ்கேன் நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளிகள் பலர். பார்க்கப்படாத இடம் பழுதற்ற இடமாகிவிடாது. இதை எத்தனை தடவை எழுதினாலும் தகும்.

மூன்றாவது எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. படம். ரான்ட்ஜன் 1895-இல் எக்ஸ்ரேயைக் கண்டறிந்த நாளிலிருந்து பித்தநாளத்தைப் படம் பிடிக்க வைத்தியர்கள் முயன்று வந்தார்கள். 1968-இல் வாய்வழியே குழாயை இறக்கி நாளத்தில் சாயம் செலுத்தும் முறை வந்தது. 1991-இல், உடம்புக்குள் எதையும் செலுத்தாமலே காந்தசக்தியால் நாளத்தின் உருவத்தை வரைந்து காட்டும் இந்த முறை வெளியாயிற்று. இதில் கதிர்வீச்சு இல்லை. சாதாரணமாகச் சாய ஊசியும் வேண்டியதில்லை. நாலைந்து மணி நேரம் பட்டினியோடு போய், அரைமணி நேரம் அசையாமல் படுத்திருந்தால் போதும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும், உடம்பில் உலோகத் துண்டு உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அடைப்பு எந்த மட்டத்தில் இருக்கிறது, கல்லா, சுருக்கமா, கட்டியா என்பதற்கு இப்படம் பெரும்பாலும் விடை சொல்லிவிடும். மிகச் சிறு கற்கள் மட்டும் இதற்கும் தப்பலாம். சந்தேகம் தீராதபோது எண்டோஸ்கோப்பி முனையிலேயே அல்ட்ராசவுண்டைப் பொருத்திப் பார்க்கும் இ.யு.எஸ். என்ற பரிசோதனை துணைக்கு வருகிறது.

நடுவயதைக் கடந்த ஒருவருக்கு வலியே இல்லாமல் காமாலை ஏறி, பசி மந்தித்து, எடையும் குறைந்தால், கணையத்தின் தலையில் கட்டி இருக்கிறதா என்று சாய ஊசியோடு சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். வலியில்லை என்பது ஆறுதலான செய்தியன்று. இந்த விஷயத்தில் அதுவே அஞ்சத்தக்க அறிகுறி. சாய ஊசி போடுமுன் சிறுநீரகத்தின் நிலையை அறிய கிரியேட்டினின் பார்த்திருக்க வேண்டும். மேலும், கட்டி என்று சந்தேகம் இருந்தால், நாளத்தில் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைப்பதற்கு முன்பே சி.டி. எடுத்துவிட வேண்டும்; ஏனெனில் ஸ்டென்ட் வைத்தபின் எடுக்கும் படத்தில், கட்டி எதுவரைக்கும் பரவியிருக்கிறது என்பது குழம்பிவிடும். "முதலில் ஸ்டென்ட் வைத்துவிடலாம், ஸ்கேன் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று எவரேனும் சொன்னால், அவசரம் என்ன என்று மரியாதையாகக் கேளுங்கள். பித்தத்தில் கிருமி புகுந்து வரும் சீழ்க்காய்ச்சல் போன்ற அவசரம் இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையேல் சி.டி.யை முதலில் கேளுங்கள்.

கடைசியாக வருவது இ.ஆர்.சி.பி. வாய்வழியே எண்டோஸ்கோப்பை இறக்கி, நாளத்தின் வாயைக் கீறிக் கல்லை எடுப்பதும் ஸ்டென்ட் வைப்பதும் இதில்தான் நடக்கின்றன. இதை வெறுமனே பார்ப்பதற்காகச் செய்யக் கூடாது. நூற்றில் சிலருக்குக் கணையம் வீங்குகிற ஆபத்து இதற்கு உண்டு. பார்ப்பதற்கு எம்.ஆர்.சி.பி., எடுப்பதற்கு இ.ஆர்.சி.பி. என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு நாளும் பொறுக்கக் கூடாத சமயம்

காமாலையோடு நடுக்கும் குளிர்காய்ச்சலும், வலது விலாவின் கீழ் வலியும் சேர்ந்துவிட்டால், அடைபட்ட பித்தத்தில் கிருமி புகுந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். புத்தி தடுமாறுவதும் இரத்த அழுத்தம் இறங்குவதும் இதோடு சேர்ந்தால் உயிருக்கு மணிக்கணக்குத்தான். அன்றைக்கே, இரவானாலும், 108-ஐ அழைத்துப் புறப்பட வேண்டும். மேலும், பித்தம் குடலுக்குப் போகாததால் கே வைட்டமின் உடம்பில் சேராது. இரத்தம் உறையும் சக்தி குன்றும். அந்த நிலையில் பல்லைப் பிடுங்குவதும், கண்ட இடத்தில் ஊசி போட்டுக்கொள்வதும், கையில் சூடு வைப்பதும் பேராபத்து. கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவளுக்கு அல்ட்ராசவுண்டால் கெடுதல் இல்லை.

பிறந்த சிசுவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பதினான்கு நாளுக்குப் பிறகும் குழந்தையின் மஞ்சள் மாறாமல் இருந்தால், வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. டைரக்ட் பிலிருபின் பார்க்கச் சொல்ல வேண்டும். மலம் வெளுத்திருந்தால், பித்தநாளமே உருவாகாத பிறவிக் குறையாக இருக்கக்கூடும். அதற்கு கசாய் என்ற ஜப்பானிய அறுவைநிபுணர் கண்ட சிகிச்சை, அறுபது நாளுக்குள் செய்தால் நன்றாகப் பலிக்கிறது. அதற்குமேல் ஒவ்வொரு வாரமும் பலன் குறைந்துகொண்டே போகிறது. "குழந்தைக்கு சீர் தட்டியிருக்கு" என்று கோயில் கோயிலாக அலைந்து அந்த அறுபது நாளைத் தொலைக்காதீர்கள். வெளுத்த மலத்தைத் துணியோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்; அதைவிடத் தெளிவான சாட்சியம் வேறில்லை.

எங்கே போவது, எந்தக் காகிதம் வேண்டும்

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மத்திய அரசின் சுவாஸ்த்ய சுரக்ஷா திட்டத்தின் முதற்கட்டத்திலேயே உயர்சிறப்புச் சிகிச்சைக்கென்று மேம்படுத்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்லூரிகளுள் அது ஒன்று. நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-இல் திறந்துவைக்கப்பட்டது. ஆகவே கோயம்புத்தூருக்கோ வேலூருக்கோ கார் வைத்துக்கொண்டு ஓடுவதற்கு முன்னால், இவ்விரண்டில் அருகிலுள்ள ஒன்றில் புறநோயாளிச் சீட்டு வாங்கி, குடல் இரைப்பைப் பிரிவு எந்தக் கிழமையில் பார்க்கிறது என்று விசாரியுங்கள். அங்கே செய்ய முடியாத பரிசோதனையாயின், எந்த மருத்துவமனைக்கு, எந்தப் பிரிவுக்கு என்று குறிப்பிட்ட பரிந்துரைக் கடிதத்தை எழுதி வாங்குங்கள். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்ற வாய்வார்த்தை கடிதமாகாது. அரசு மருத்துவமனைகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகியவற்றுக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மூலம் வெளியிலுள்ளதைவிடக் குறைந்த கட்டணமே வசூலிக்கப்படுகிறது. ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் பணமில்லாச் சிகிச்சைக்கு இடமுண்டு. இந்த அட்டையை நோய் வந்தபிறகு தேடுவதுதான் நம்மவர்களின் வழக்கம். குடும்ப அட்டை, குடும்பத்தாரின் ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற வருமானச் சான்று ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீசிலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்கு நேரில் போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். குடும்ப அட்டையில் பெயர் இல்லாத மருமகளும், புதிதாகப் பிறந்த குழந்தையும், ஆதாரில் பெயர் எழுத்து மாறியுள்ள பெரியவரும் ஆபத்து வேளையில் கவுண்டரில் நிறுத்தப்படுகிறார்கள். அவர்கள் பெயரை இன்றைக்கே சரிசெய்து வையுங்கள்.

அட்டை இருந்தால் மட்டும் போதாது. போகிற தனியார் மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, இந்தக் குறிப்பிட்ட சிகிச்சைக்கு அங்கே அங்கீகாரம் இருக்கிறதா என்ற இரண்டையும் அட்மிஷன் போடுவதற்கு முன்பே, அங்கிருக்கும் காப்பீட்டுத் தொடர்பு அலுவலரிடம் கேட்க வேண்டும். முன் அனுமதிக்கு இரத்த ரிப்போர்ட்டும், அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.சி.பி. ரிப்போர்ட்டும் அனுப்பப்பட்டாக வேண்டும். அவை இல்லாவிட்டால் அனுமதி தாமதப்படும் அல்லது மறுக்கப்படும். அவசரத்தில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டுப் பிறகு அட்டையை நீட்டினால் பயனில்லாமற் போகலாம். அனுமதி வந்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால், திட்டத்தின் இலவச எண்ணான 1800 425 3993-இல் புகார் செய்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் மறக்கக் கூடாதது

அடைப்பு நீங்கிக் காமாலை இறங்கி வீடு திரும்பியவர்கள், நாளத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். இந்தப் பிளாஸ்டிக் குழாயைப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் எடுக்க வேண்டும், இல்லையேல் மாற்ற வேண்டும். ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டு, ஸ்டென்ட்டைச் சுற்றியே கல் படிந்து, மறுபடி சீழ்க்காய்ச்சலோடு வந்து சேர்கிறவர்கள் உண்டு. வலியில்லை, காமாலை இல்லை, ஆகவே எடுக்க வேண்டியதில்லை என்று நினைப்பது மிகத் தவறு. டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட் வைத்த தேதி, அதன் வகை, எடுக்க வேண்டிய தேதி ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டு நாட்காட்டியிலும் அந்த மூன்றாம் மாதத்துத் தேதியைச் சுழித்து வையுங்கள். கல் இருந்த பித்தப்பையை எப்போது எடுப்பது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்; அது உள்ளவரையில் கல் மறுபடி நழுவக்கூடும்.

உங்கள் உரிமைகளும் முறையீடுகளும்

படமும் ரிப்போர்ட்டும் உங்களுடையவை. இந்திய மருத்துவ மன்றத்தின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளை மருத்துவர் மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரமளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பிரதி தர வேண்டும். கேட்பதை எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஸ்கேன் ஃபிலிமையும் குறுந்தகட்டையும் ரிப்போர்ட்டோடு சேர்த்தே வாங்குங்கள்; அவை இல்லாததால்தான் அடுத்த மருத்துவமனையில் அதே ஸ்கேனை மறுபடி எடுக்கச் செய்து இரட்டைச் செலவு வைக்கிறார்கள். லாரியிலும் ரிக்கிலும் வெளிமாநிலம் போகிறவர்கள் எல்லாத் தாளையும் கைபேசியில் படமெடுத்துக் குடும்பத்தாருக்கும் அனுப்பி வைக்க வேண்டும்.

குறிப்பிட்ட ஸ்கேன் நிலையத்துக்கே போக வேண்டும் என்று எவரும் உங்களை நிர்ப்பந்திக்க முடியாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனம், பரிசோதனையை எங்கே செய்துகொள்வது என்பதை நோயாளியின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. நோயாளியை அனுப்பியதற்காக மருத்துவர் கமிஷன் வாங்குவதை மேற்சொன்ன 2002 விதிகள் தடைசெய்கின்றன. அல்ட்ராசவுண்ட் வைத்திருக்கும் ஒவ்வொரு நிலையமும், சிசுவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடைசெய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்று, அந்தச் சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். சுவரில் சான்றிதழ் இல்லாத இடத்தில் வயிற்றைக் காட்டாதீர்கள்.

இ.ஆர்.சி.பி.க்குக் கையெழுத்துப் போடும் முன் அதன் பலனையும் ஆபத்தையும் தமிழில் சொல்லக் கேளுங்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம், அறுவைச் சிகிச்சைக்கும் கொடுத்த சம்மதமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 

அரசு மருத்துவமனையில் ஸ்கேன் இயந்திரம் பழுது என்றும், அடுத்த மாதம் வா என்றும் சொன்னால், அந்தத் தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுத்துமூலம் முறையிடுங்கள். கேட்காவிட்டால் திங்கட்கிழமைகளில் கலெக்டர் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். இயந்திரம் எத்தனை நாளாக ஓடவில்லை என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். சாதாரணமாக 30 நாளிலும், உயிரைப் பற்றிய விஷயமாயின் 48 மணி நேரத்திலும் பதில் தர வேண்டும். கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்கி ரிப்பன் வெட்டுகிற அதிகாரிகள், அதை ஓட்டுகிற ஊழியரை நியமிக்கவும், பழுதானால் உடனே சரிபார்க்கவும் அதே ஊக்கத்தைக் காட்டவேண்டும் என்று நினைவூட்டுவது குடிமக்களின் கடமை.

தனியார் மருத்துவமனையோ ஸ்கேன் நிலையமோ தவறு செய்தால், ஜில்லாவின் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடமும், மருத்துவரின் நடத்தைபற்றித் தமிழ்நாடு மருத்துவ மன்றத்திடமும் முறையிடலாம். நஷ்ட ஈடு வேண்டுமானால், நீங்கள் குடியிருக்கும் ஜில்லாவின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமே இல்லை. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் மட்டும் இதில் சேரா என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சாந்தா வழக்கில் சொல்லியிருக்கிறது. எங்கே முறையிட்டாலும் ரிப்போர்ட்டும் ரசீதும் சீட்டும் இல்லாமல் வழக்கு நிற்காது.

இனிச் சொல்ல வேண்டியது சுருக்கமே. கண் மஞ்சளானால் இரண்டு நாளுக்குள் இரத்தம் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் பட்டினியோடு போய் அல்ட்ராசவுண்ட் எடுங்கள். நாளத்தின் கீழ்ப்பகுதி தெரியவில்லை என்று எழுதியிருந்தால் எம்.ஆர்.சி.பி. கேளுங்கள், குளிர்காய்ச்சல் சேர்ந்தால் அதே நாளில் ஆஸ்பத்திரியில் இருங்கள், பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தால் மூன்றாம் மாதத்தில் எடுங்கள் அல்லது மாற்றுங்கள். கீழாநெல்லியில் நம்பிக்கையுள்ளவர்களும், நாளம் திறந்திருக்கிறது என்ற ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, அதை டாக்டரிடம் காட்டி, அவர் அறிய அதைக் குடிக்கட்டும். அந்த ரிப்போர்ட் இல்லாமல் காமாலைக்கு மருந்து கொடுப்பவர் யாராயிருந்தாலும், அவருடைய திண்ணையில் உட்காராமல் எழுந்து வந்துவிடுங்கள்.